பக்கத்துத் தொட்டியில் ஒரு பகையாளி: ஓர் உப்பங்கழி மீனின் ஆராய்ச்சி வரலாறு

சிக்லிட் வகை மீன் வளர்ப்பவர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. முட்டையிட வேண்டிய ஜோடி ஒன்றை ஒன்று கடித்துக் குதறுகிறதா? தொட்டிக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வை, அந்தப் பக்கம் அதே இனத்தில் இன்னொரு ஜோடியை விடு. இரண்டு ஜோடியும் கண்ணாடி வழியாக ஒன்றை ஒன்று பார்த்து முறைத்துக்கொள்ளும். அவரவர் வீட்டுக்குள் சண்டை குறைந்துவிடும். கொளத்தூரில் வண்ணமீன் வாங்கப் போனால் கடைக்காரர்கள் இதை ரொம்பச் சாதாரணமாகச் சொல்வார்கள்.

வைத்தியம் பெரும்பாலும் வேலை செய்கிறது. எனக்கு ஆர்வமாக இருந்தது இதன் பூர்வீகம். யார் முதலில் கவனித்தது, யார் சோதித்துப் பார்த்தது, எந்த மீனை வைத்துச் சோதித்தார்கள் என்று தேடினால் பாதை ஆஸ்திரியா, ஜெர்மனி, அமெரிக்கா, இலங்கை என்று சுற்றுகிறது. சோதனைக்கு உட்கார்ந்த மீனோ நம்ம ஊர் உப்பங்கழி மீன். அதன் கண்ணாடித் தொட்டி நடத்தையை ஒட்டி மனிதப் போர்களைப் பற்றியே ஒரு பெரிய வாதம் நடந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்.

முதலில் மீனை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

சிக்லிட் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் தென், மத்திய அமெரிக்காவிலும் இருக்கின்றன. இந்தியத் துணைக்கண்டத்துக்கு உரியவை மூன்றே மூன்று. ஒன்று, கேரளத்துக்காரர்கள் உயிரை விடும் கரிமீன். 2010-ல் அந்த மாநிலத்தின் அதிகாரப்பூர்வ மீனாகவே அறிவித்துவிட்டார்கள். இரண்டாவது, கர்நாடகப் பகுதி ஆறுகளில் மட்டும் இருக்கும் ஓர் அரிய இனம். மூன்றாவதுதான் நம்ம கதாநாயகன். விரல் நீளம், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த உடம்பு, பக்கவாட்டில் ஒரு கரும்புள்ளி. மலையாளத்தில் பள்ளத்தி. வண்ணமீன் கடையில் ஆரஞ்சு குரோமைடு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இடங்களில் வாழ்கிறது.

நொச்சிக்குப்பத்தில் லூப் சாலை மீன் சந்தையில் நான் வழக்கமாக வாங்கும் அக்காவிடம் போனில் படத்தைக் காட்டிக் கேட்டேன். "இது கடல் மீன் இல்ல தம்பி. முகத்துவாரத்துல, கழியில கெடக்கும். சின்னப் பசங்க புடிச்சி பாட்டில்ல வுட்டு வெளாடுவாங்க. இத்த வாங்கிக்கினு போயி இன்னா பண்ணப் போற, கொழம்பா வெக்க முடியும்?" என்றார். குழம்புக்கு ஆகாத அந்த மீன்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஆகிவந்தது.

இதற்கு அறிவியல் பெயர் வந்த கதையிலும் தமிழ்நாட்டுக்குப் பங்கிருக்கலாம் என்று தோன்றுகிறது. பெர்லினில் மார்க்கஸ் எலீசர் பிளாக் என்ற மருத்துவர் உலகத்து மீன்களையெல்லாம் வரைந்து, விவரித்து, தொகுதி தொகுதியாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிருந்து மீன்களைப் பதப்படுத்தி அனுப்பியவர்களில் முக்கியமானவர் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். அந்த நன்றிக்கு ஒரு செப்பிலி வகை மீனுக்கே பிளாக் ஜானின் பெயரை வைத்தார். கரிமீனுக்கு பிளாக் பெயரிட்டது 1790-ல், ஆரஞ்சு குரோமைடுக்கு 1795-ல். இரண்டையும் கடலில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களின் பேரினத்தில் சேர்த்துவிட்டார். செத்த மீனின் உருவத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அது எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்பது ஜாடிக்குள் தெரியாது.

தெரிய வேண்டுமென்றால் உயிரோடு, கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு சீக்கிரமே கிடைத்தது. மெரினாவில் 1909-ல் மீன்காட்சிசாலை திறந்தார்கள். அரசு அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அதன் பின்னணியில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழும் என்ற பயத்தில் 1942-ல் மூடினார்கள். பிறகு மூர் மார்க்கெட், இப்போது கொளத்தூர் என்று கண்ணாடித் தொட்டிகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. கண்ணாடித் தொட்டி எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதுதான் இந்தக் கதையின் மையம் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

சரி, இவை ஏன் சண்டை போடுகின்றன?

மீன்களில் பெரும்பாலானவை முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். ஆரஞ்சு குரோமைடு அப்படியில்லை. ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து, கல்லையோ கட்டையையோ வாயால் சுத்தம் செய்து, அதில் முட்டைகளை ஒட்டவைக்கும். மாறி மாறித் துடுப்பால் விசிறி நல்ல தண்ணீர் படும்படி பார்த்துக்கொள்ளும். பொரிந்ததும் மணலில் குழி பறித்து அதில் கொண்டுபோய் விடும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகளைக் கருத்த வயிற்றுத் துடுப்புகளைப் படபடவென்று அசைத்துக் கூப்பிடும். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் உரசி, தோலில் ஊறும் கோழையைத் தின்னும். ஜாக் வார்டும் ஜார்ஜ் பார்லோவும் 1967-ல் இந்த உரசலைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

இவ்வளவு முதலீடு செய்த பெற்றோர் பக்கத்தில் வருகிறவனை விரட்டாமல் என்ன செய்யும்? குஞ்சைக் காக்கிற வேலையில் ஒரு பாதி விரட்டுவதுதான். சிக்கல் எங்கே என்றால், விரட்டும் வேகத்தோடு இருக்கிற இரண்டு மீன்கள் ஒன்றை ஒன்று மட்டும் விரட்டாமல் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கழியில் சரிப்படவில்லை என்றால் ஒன்று விலகிப் போய்விடும். இரண்டடித் தொட்டியில் எங்கே போகும்? தோற்ற மீன் மூலையில் ஒதுங்கும், துரத்தல் நிற்காது, காலையில் பார்த்தால் துடுப்பு கிழிந்து மிதக்கும்.

இங்கேதான் கொன்ராட் லோரன்ஸ் வருகிறார். ஆஸ்திரியர். விலங்கு நடத்தையியலை உருவாக்கியவர்களில் ஒருவர். 1973-ல் டின்பெர்கன், ஃபான் ஃபிரிஷ் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 1938-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவரும் இதே லோரன்ஸ்தான். பரிசு வந்தபோது அந்தப் பழைய கதையும் சேர்ந்தே பேசப்பட்டது. 1963-ல் ஆக்ரோஷத்தைப் பற்றி ஜெர்மனில் ஒரு புத்தகம் எழுதினார். 1966-ல் ஆங்கிலத்தில் வந்து உலகம் முழுக்க விற்றது. அதில் சிக்லிட் ஜோடிகளுக்கு முக்கிய இடம் உண்டு.

லோரன்ஸ் விவரிப்பது சுருக்கமாக இதுதான். ஒரு ஜோடியைத் தனியாக ஒரு தொட்டியில் வைத்தால் ஆண் கடைசியில் தன் துணையையே தாக்கும். திட்டு வாங்க வெளியாள் ஒருவன் இருந்தால் அந்த அடி அங்கே போய்விடும். தொட்டியைக் கண்ணாடியால் பிரித்து இரண்டு ஜோடிகளை வைத்தால் இரண்டும் எல்லையில் மோதிக்கொண்டு வீட்டில் சமாதானமாக இருக்கும். ஓர் ஆண் துணையிடம் முரட்டுத்தனம் காட்டத் தொடங்கியது என்றால், நடுக் கண்ணாடியில் பாசி படர்ந்து எதிராளி தெரியாமல் போய்விட்டது என்று அர்த்தமாம். கண்ணாடியைத் துடைத்ததும் வெளிச்சண்டை தொடங்கும், உள்வீடு அமைதியாகும்.

அழகான கவனிப்பு. இன்றைக்கும் கடைக்காரர்கள் சொல்வது கிட்டத்தட்ட இதே வைத்தியம்தான். ஆனால் லோரன்ஸ் இதிலிருந்து போன தூரம் அதிகம். ஆக்ரோஷம் என்பது உடம்புக்குள் தானாக ஊறிச் சேரும் ஒரு விசை. அணையில் தண்ணீர் ஏறுவது மாதிரி. அவ்வப்போது வெளியேறியே ஆகவேண்டும் என்பது அவருடைய மாதிரி. மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்றார். போருக்குப் பதிலாக விளையாட்டுப் போட்டி போன்ற வடிகால்கள் வேண்டும் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் புத்தகத்தைப் படித்த பலர் எடுத்துக்கொண்டது வேறு: உள்ளே ஒற்றுமை வேண்டுமானால் வெளியே ஒரு எதிரி வேண்டும், இது இயற்கையின் சட்டம். இந்த வரியை நம்ம ஊர் டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரைக்கும் கேட்டிருப்பீர்கள். சொல்கிறவர்களுக்கு மீன் தொட்டி ஞாபகத்தில் இருக்காது.

கவனித்ததைச் சோதிக்க வேண்டுமல்லவா? லோரன்ஸின் சிந்தனை வழியில் வந்த ஆய்வாளர் ஆன் ராசா 1969-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனிமையில் வைத்த ஜோடிகளின் இனப்பெருக்கம் என்ன ஆகிறது என்பது கேள்வி. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது நம்ம ஆரஞ்சு குரோமைடை. தன் இனத்தாரைப் பார்க்க முடியாதபடி ஒதுக்கிய ஜோடிகளில் துணைக்குள் தாக்குதல் அதிகம், இனப்பெருக்க வெற்றி குறைவு. அக்கம்பக்கத்தைப் பார்க்க முடிந்த ஜோடிகள் நன்றாகக் குடும்பம் நடத்தின. லோரன்ஸின் கவனிப்புக்கு இப்படி ஓர் ஆதாரம் கிடைத்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் பார்லோ வேறு கோணத்தில் இந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோடி சேரும்போது ஆடும் ஆட்டமெல்லாம் எதிராளியின் கோபத்தைத் தணிக்கவா, அல்லது துணையைக் கிளர்ச்சியூட்டவா என்பதை ஆரஞ்சு குரோமைடில் சோதித்து 1970-ல் எழுதினார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, பயந்து ஒளியும் மீன்களை வெளியே வரவைக்க, பதற்றமில்லாமல் நீந்தும் வேறு சிறு மீன்களைத் தொட்டியில் விடும் உத்தியைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் டிதர். இன்று மீன் வளர்ப்பவர்கள் டிதர் மீன், டார்கெட் மீன் என்று பேசுகிறார்களே, அதில் முதல் சொல் அங்கிருந்து வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிதர், பயத்தைப் போக்க. டார்கெட், அடி வாங்க.

இதுவரைக்கும் எல்லாமே தொட்டிக்குள் நடந்தது. அடுத்த கட்டம்தான் எனக்குக் கதையைத் திருப்பிப்போட்டது.

எழுபதுகளில் ஜாக் வார்டும் ரிச்சர்ட் வைமனும் இலங்கைக்குப் போய் இந்த மீன்களை அவற்றின் சொந்தத் தண்ணீரிலேயே பார்த்தார்கள். 1977-ல் அது கட்டுரையாக வந்தது. பிறகு வார்டோடு சேர்ந்தும் தனியாகவும் இலங்கை ஆய்வாளர் சமரக்கோன் தொடர்ந்தார். நீர்கொழும்புப் பகுதியில் அவர் செய்த வேலை 1983-ல் வெளியானது. அங்கே பார்த்தது: ஆரஞ்சு குரோமைடு தனி வீடு கட்டுவதில்லை, குடியிருப்பு போடுகிறது. ஆழம் குறைந்த இடத்தில் ஜோடிகள் அடுத்தடுத்து, நெருக்கமாகக் கூடு வைக்கின்றன. கரிமீன் அளவுக்கு உடம்பு இல்லாத இந்தச் சிறு மீனுக்குக் கூட்டமே பலம். அதோடு இது சும்மா இருக்கிற மீனும் இல்லை. கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். அதே கரிமீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்துவிடும் வேலையையும் பார்க்கும் என்று வார்டும் வைமனும் 1972-லேயே எழுதியிருந்தார்கள்.

அதாவது, ஆரஞ்சு குரோமைடின் இயல்பான வாழ்க்கையில் பக்கத்து வீட்டு ஜோடி எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறது. அக்கம்பக்கம் இல்லாத ஜோடி என்பது தொட்டிக்காரர்கள் உண்டாக்கியது.

இதை வைத்து ராசாவின் முடிவை மறுபடி படித்துப் பாருங்கள். "எதிரி இருந்தால் குடும்பம் அமைதியாகிறது" என்றும் சொல்லலாம். "அண்டை அயலை எடுத்துவிட்டால் குடும்பம் கெடுகிறது" என்றும் சொல்லலாம். எண்கள் ஒன்றுதான். முதல் வாசிப்பில் எதிரி ஒரு மருந்து. இரண்டாவதில் தனிமைதான் நோய். என் தொழில் பாஷையில் சொன்னால், டெஸ்ட் சூழலில் மட்டும் வரும் ஒரு பக்கைப் பார்த்துவிட்டு, மென்பொருளின் அடிப்படைக் குணமே அதுதான் என்று முடிவு கட்டிய மாதிரி.

அணை மாதிரிக்கும் எதிர்ப்பு வந்தது. ராபர்ட் ஹைண்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1960-லேயே, உள்ளே ஏதோ சேர்ந்து வழிகிறது என்ற உவமைகளை உண்மையான இயக்கமாக எடுத்துக்கொள்வதன் ஆபத்தை எழுதினார். 1968-ல் ஆஷ்லி மான்டேகு லோரன்ஸுக்கு மறுப்பாக ஒரு கட்டுரைத் தொகுப்பே கொண்டுவந்தார். 1986-ல் ஸ்பெயினின் செவில் நகரில் பல துறை அறிஞர்கள் கூடி, போர் மனித உடம்பில் எழுதப்பட்ட ஒன்று என்பது அறிவியல்படி தவறு என்று அறிக்கை விட்டார்கள். 1989-ல் யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது.

அண்டை அயலாரைப் பற்றி இன்னொரு கவனிப்பும் உண்டு. பிரிட்டிஷ் பறவையியலாளர் ஜேம்ஸ் ஃபிஷர் 1954-ல் அன்பான எதிரி என்று பொருள்படும் ஒரு சொல்லை உருவாக்கினார். எல்லை வகுத்து வாழும் பறவைகள், பழகிய பக்கத்து வீட்டுக்காரனிடம் காட்டும் கோபம் குறைவு, புதிதாக வந்தவனிடம் காட்டும் கோபம் அதிகம். பழகப் பழக எல்லை எங்கே என்று இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. பிறகு பல விலங்குகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள், சில சிக்லிட்களிலும்.

என் வீட்டு மூன்றடித் தொட்டியிலும் இரண்டு ஜோடி, நடுவில் கண்ணாடி. புதிதாக விட்ட முதல் சில நாள் கண்ணாடியோடு ஒரே முட்டல். போகப் போக முட்டல் குறைந்து, துடுப்பை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்புவதோடு சரி. இரண்டு ஜோடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் அணை மாதிரி சரி என்றால், கண்ணாடிச் சண்டை குறையும்போது வீட்டுச் சண்டை ஏற வேண்டும். ஏறியதாக எனக்குத் தெரியவில்லை.

வளர்ப்பவர்களுக்கு இதில் நடைமுறைப் பயன் உண்டு. கடையில் ஓர் ஆண், ஒரு பெண் என்று வாங்கி வந்து சேர்த்துவைக்காதீர்கள். ஆரஞ்சு குரோமைடில் ஆண் பெண் பிரித்தறிவதே கஷ்டம். ஆறேழு சிறு மீன்களை ஒன்றாக வளர்த்தால் அவையே ஜோடியைத் தேர்ந்துகொள்ளும். கற்கள், கவிழ்த்த மண்சட்டி, வேர்க்கட்டை என்று பார்வையை மறைக்கும் பொருள்கள் இருக்கட்டும். துரத்தப்படுகிற மீனுக்கு ஒளிய இடம் வேண்டும். இடம் போதவில்லை என்றால் கண்ணாடித் தடுப்பு நல்ல வழி. அடி வாங்குவதற்கென்றே ஒரு மீனை விடுவது எனக்கு ஒப்பவில்லை. சின்னத் தொட்டியில் அது சித்திரவதை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கம் தெரிந்தாலே போதும் எனும்போது அடிபட ஓர் உயிர் எதற்கு?

கடைசியாக மனிதர்களுக்கு வருவோம், லோரன்ஸ் போன இடத்துக்கே. மீன் ஆராய்ச்சி நடந்த அதே நீர்கொழும்புக் களப்பில், இறாலுக்குக் கட்டுவலை போடும் மீனவர்கள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சங்கம் வைத்து, சீட்டுக் குலுக்கி, முறைபோட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் பழவேற்காட்டிலும் பாடு என்று இதே மாதிரி ஒரு பழைய ஏற்பாடு. நல்ல இறால் விழும் இடம் யாருக்கும் நிரந்தரம் இல்லை, முறை வைத்து மாறும். குறுகிய தண்ணீர், நிறைய குடும்பம், எல்லாருக்கும் பசி. மீனுக்கு இருக்கிற அதே சிக்கல். இவர்கள் அதைச் சமாளித்தது வெளியே ஒரு பகையாளியைக் காட்டி அல்ல, எல்லையையும் முறையையும் பேசி வைத்து.

பாடு முறையை நான் சொர்க்கமாக்கவில்லை. அதில் உரிமையுள்ள ஊர்கள் உண்டு, உரிமை மறுக்கப்பட்ட சாதியினர் உண்டு, அதை வைத்துத் தகராறும் உண்டு. உள்ளே இருப்பவர்களின் அமைதிக்கு வெளியே நிற்பவர்கள் விலை கொடுக்கிறார்கள் என்று லோரன்ஸ் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டால் நியாயமான கேள்விதான். என் பதில்: அந்தக் கோட்டைப் போட்டது சுரப்பி இல்லை, சாதி. மனிதர் போட்ட விதி என்பதால்தான் வெளியே நிற்பவர்களால் அதை எதிர்த்துக் கேட்க முடிகிறது, மாற்றச் சொல்ல முடிகிறது. இயற்கைச் சட்டம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியையே மூடிவிடுகிறோம்.

ஆகவே அடுத்த முறை யாராவது "வெளியே எதிரி இருந்தாத்தான் உள்ளே ஒத்துமை, மீன்கூட அப்படித்தான்" என்று சொன்னால், எந்த மீன், எத்தனை அடித் தொட்டி என்று கேளுங்கள். பழவேற்காட்டுப் பாடு முறையைப் பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது. அது அடுத்த பதிவில்.